127 இடங்கள் காட்டும் கணக்கு

கேள்வி: கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றத்தில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 500இல் 127 இடங்களே இருந்தன, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி உட்பட வேறு நான்கு கட்சிகளும் அங்கே அமர்ந்திருந்தன. அப்படியிருக்க அதை ஒரு கட்சி ஆட்சி என்று நீங்கள் எழுதியது நியாயமா?

பதில்: நியாயமே. நீங்கள் தரும் எண்களில் பிழையில்லை. அவை எப்போது முடிவாயின என்பதைத்தான் நீங்கள் கேட்கவில்லை. 1986ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியான சோசலிச ஐக்கியக் கட்சிக்கு 127, மற்ற நான்கு கட்சிகளுக்குத் தலா 52, தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கு 61, இளைஞர் அமைப்புக்கு 37, மகளிர் அமைப்புக்கு 32, பண்பாட்டுக் கழகத்துக்கு 21, விவசாயிகளின் உதவிச் சங்கத்துக்கு 14 என்று அத்தனை இடங்களும் வாக்குச்சாவடி திறக்கும் முன்பே பங்கிடப்பட்டுவிட்டன. வாக்காளர் கையில் கிடைத்தது, இந்தக் கட்சிகளும் அமைப்புகளும் சேர்ந்த கூட்டணியான தேசிய முன்னணியின் ஒரே பட்டியல். அதை எதுவும் எழுதாமல் மடித்துப் பெட்டியில் போட்டால் ஒப்புதல் என்று கொள்ளப்பட்டது. மறைப்புக்குள் சென்று பெயர்களை அடிக்க நினைத்தவர், உள்ளே நுழைந்ததாலேயே சந்தேகத்துக்கு ஆளானார். ஒரு கட்சியின் 52ஐ 51 ஆக்கும் அதிகாரம்கூட இல்லாத வாக்கை வைத்து எந்தக் கட்சியின் செல்வாக்கை அளப்பது?

அந்த 127ம் முழுக் கணக்கு அன்று. தொழிற்சங்கம், இளைஞர் அமைப்பு, மகளிர் அமைப்பு ஆகியவற்றின் பெயரில் வந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆளுங்கட்சியின் உறுப்பினர் அட்டையையும் வைத்திருந்தவர்கள். அவர்களைச் சேர்த்தால் அவையில் அக்கட்சிக்கே பெரும்பான்மை. மற்ற நான்கு கட்சிகளும் அதன் தலைமையை ஏற்றுக்கொண்டே இயங்கின; 1968ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே அரசைத் தொழிலாளி வர்க்கத்தின், அதன் மார்க்சிய-லெனினியக் கட்சியின் தலைமையின் கீழ் வைத்தது.

எதிர்த்து வாக்களித்ததே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை நடந்தது. 1972 மார்ச்சில் கருக்கலைப்புச் சட்டம் வந்தபோது கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர் 14 பேர் எதிர்த்தனர், 8 பேர் நடுநிலை வகித்தனர். 1989 இலையுதிர்காலம் வரை அந்த அவையில் ஒருமனதாக நிறைவேறாத சட்டம் அது ஒன்றே. அந்த 14 பேரின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் பல பத்தாண்டுகளில் ஒரேயொரு முறை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெய்ஜிங்கில் மாணவர்கள் சுடப்பட்ட சில நாள்களில், 1989 ஜூன் 8 அன்று, சீன அரசின் நடவடிக்கையை ஆதரித்துத் தீர்மானம் இயற்றியதும் இதே அவைதான்.

அவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள் என்பது உண்மை. 1987இல் மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்றத்தில் அதில் பாதியளவே இருந்தனர். இதை நான் சிறிதாக்க விரும்பவில்லை. எனினும் முடிவுகள் பிறந்த இடம் ஆளுங்கட்சியின் உச்சத் தலைமைக் குழுவான பொலிட்பீரோ. ஹோனேக்கர் கட்சித் தலைவராக இருந்த காலம் முழுவதும் அங்கே வாக்குரிமையுள்ள முழு உறுப்பினராக ஒரு பெண்கூட இல்லை. ஆண்டுக்குச் சில நாள்களே கூடி, மற்ற நாள்களில் தத்தம் வேலைக்குத் திரும்பிய உறுப்பினர்கள், ஆணோ பெண்ணோ, வேறிடத்தில் எடுத்த முடிவுக்கே கை தூக்கினர்.

பெர்லின் மதில் திறந்த பின், 1989 டிசம்பர் 1 அன்று, அந்த உறுப்பினர்களே ஆளுங்கட்சியின் தலைமைப் பங்கை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். 1990 மார்ச் 18 அன்று மக்கள் முதன்முறையாகக் கட்சிகளுக்கிடையே தேர்ந்தெடுத்து வாக்களித்தனர். 400 இடங்களில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 163 பெற்றது. பெயர் மாற்றிப் போட்டியிட்ட பழைய ஆளுங்கட்சி 66 பெற்றது. தலா 52 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்த கட்சிகளுள் விவசாயிகள் கட்சிக்கு 9 இடங்களும், தேசிய ஜனநாயகக் கட்சிக்கு 2 இடங்களும் கிடைத்தன.