நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை: 11:30 நுழைவு கைக்கு எட்டாது

ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்கு நீங்கள் போட்ட திட்டம்: செவ்வாய்க்கிழமை, மியூனிக்கிலிருந்து ஐந்து பேர், பாயெர்ன் டிக்கெட் (பவேரியா மாநில உள்ளூர் ரயில்களுக்கான ஒருநாள் டிக்கெட்), 11:30-க்குக் கோட்டை நுழைவு. இது நடக்காது. வார நாளில் பாயெர்ன் டிக்கெட் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். மதியம் 2 மணிவாக்கில் நுழைவு எடுங்கள்.

கோட்டைக்கு அருகில் உள்ள ஃபுஸ்ஸன் ஊர் வரையான 2 மணி நேர ரயிலை மட்டும் கணக்குப் போட்டிருப்பீர்கள். அப்புறம் பஸ், அதற்குமேல் 40 நிமிட ஏற்றம் இருக்கிறதே! ரயில் செயலியில் சேருமிடமாக ஹோஹென்ஷ்வாங்காவ் (கோட்டை அடிவாரத்துக் கிராமம்) என்று போட்டுப் பாருங்கள், பஸ் நேரமும் சேர்ந்து வரும்.

மலையேறும் பஸ்ஸை ரொம்ப நம்ப வேண்டாம். பனி உறைந்தால் ஓடாது. ஓடினாலும் கோட்டைக்கு மேலே உள்ள மரியன் பாலத்துப் பக்கம் இறக்கிவிடும், அங்கிருந்து கோட்டைக்கு இறங்கி நடக்க வேண்டும். நேரம் தவறினால் ஐந்து பேர் கோட்டை டிக்கெட்டும் போச்சு. பாலத்துப் படமெல்லாம் கோட்டையைப் பார்த்த பிறகு.