வேலையை விட்டதும் ஏறும் எடை: மார்பகப் புற்றுநோய் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: கொழுந்து பறித்த காலத்தில் ஒல்லியாகத்தான் இருந்தேன். வேலையை விட்ட பிறகு 14 கிலோ ஏறிவிட்டது. எடை கூடினால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா? (ஹட்டன், வயது 61)

பதில்: தொடர்பு இருப்பது உண்மைதான் அம்மா. மாதவிடாய் நின்றதும் சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஆனால் உடம்புக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதியம் வேறு ஹோர்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் பெரும்பாலானவை அந்த ஈஸ்ட்ரோஜனை வைத்துத்தான் வளர்கின்றன. இளவயது எடையிலிருந்து ஒவ்வொரு 5 கிலோ கூடும்போதும் அபாயம் சுமார் 10 சதவீதம் உயர்கிறது. அதற்காக, எடை கூடிய எல்லோருக்கும் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள்.

நீங்கள் சாப்பாட்டைக் கூட்டியிருக்க மாட்டீர்கள். மலையில் ஏறி இறங்கிய நடைதான் நின்றுபோனது. கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் பழையபடியே நடக்கின்றன. முதலில் சீனியை விடுங்கள். ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பும் கீரையும் வையுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்க நடக்க வேண்டும். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தையல்காரரின் நாடா ஒன்று இருந்தால் நீங்களே அளக்கலாம்.

கேள்வி: குளிருக்காக ராத்திரியில் கொஞ்சம் சாராயம் எடுப்பேன். அதுவும் கெடுதலா? (நுவரெலியா)

பதில்: ஆம். கொஞ்சமாகக் குடித்தாலும் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடும். குளிருக்கு இஞ்சிப் பிளேன்டீ போதாதா?

கேள்வி: சல்லிப் பையைச் சட்டைக்குள் வைத்தால் கட்டி வருமா?

பதில்: வராது. திருடன் பயத்துக்கு வைப்பதென்றால் தாராளமாக வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை, உடம்பும் ஒல்லி, அதனால் ஒன்றுமில்லை என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். (பண்டாரவளை)

பதில்: வலி இல்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. ஒல்லியானவர்களுக்கும் வரும், எடையைவிட வயதுதான் பெரிய காரணம். தோல் குழி விழுந்திருக்கிறதா, காம்பு உள்ளே இழுபட்டிருக்கிறதா, அக்குளில் கட்டி தட்டுப்படுகிறதா என்று நீங்களும் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் இந்த வாரமே ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சை கிளினிக்குக் கூட்டிப்போங்கள். ஸ்கேன், மெமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து, தேவையென்றால் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள்.

கட்டி எதுவும் இல்லாத, 35 வயதைத் தாண்டிய உங்களைப் போன்ற மகள்மார் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனால் இலவசமாகவே பரிசோதிப்பார்கள். நாள் எதுவென்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். அம்மாவுக்குக் கூச்சம்தான் தடை என்றால், பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் கூட இருக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.