அப்பா அம்மாவோடு கால்வாய்ப் படகில் ஒரு நாள்

தம்பி, ஆகஸ்டில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கால்வாய்ப் படகில் கூட்டிப்போகலாமா, ஓட்டிப் பழக்கமில்லையே, லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் ஒருநாள் வாடகைப் படகுக்கு ஓட்டுநர் லைசென்ஸ் கேட்பதில்லை. படகு தருகிறவர்களே புறப்படும் முன் சொல்லிக்கொடுப்பார்கள். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்களை இடம் இடமாக இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். உட்கார்ந்து பேச நேரமே இருப்பதில்லை. படகில் அது நிறையக் கிடைக்கும். மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது. கரையோரப் பாதையில் நாயோடு வேகமாக நடப்பவர் நம்மை முந்திவிடுவார், முந்தட்டும். கட்டிப்போட்ட படகுகளைத் தாண்டும்போது இன்னும் மெதுவாகப் போங்கள். அவற்றில் ஆட்கள் குடியிருப்பார்கள், நம் அலையில் அவர்கள் வீடே ஆடும்.

சுக்கான் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் போகும், அதுவும் சற்றுப் பொறுத்துத்தான். பொறுக்காமல் மேலும் தள்ளுகிறவர்கள் எதிர்க்கரைப் புதரில் போய் நிற்பார்கள். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், இந்த ஊர்ச் சாலைக்கு நேர்மாறு.

தண்ணீரை ஏற்றி வடித்துப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும் கதவு போட்ட அறைதான் லாக். அது உள்ள வழி முதல் தடவை வேண்டாம். கீழே இறங்கும்போது படகின் பின்பக்கம் மேல்கதவை ஒட்டிய கல்விளிம்பில் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் கவிழ்ந்துவிடும். அந்த விளிம்பு எதுவரை என்று காட்டத்தான் பக்கச்சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் வடக்கு வேல்ஸில் லாங்கோலன் கால்வாய். ட்ரெவரில் படகெடுத்து சர்க் வரை போய்த் திரும்பலாம், நடுவில் லாக் கிடையாது. புறப்பட்டதுமே பொன்ட்கசில்ட்டே நீர்ப்பாலம் வந்துவிடும். டெல்ஃபோர்ட், ஜெசப் என்ற பொறியாளர்கள் கட்டி 1805இல் திறந்தது. டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் வார்ப்பிரும்புத் தொட்டியில் படகு போகும். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தண்ணீருக்குச் சற்று மேலே தொட்டியின் விளிம்பு, அதற்கப்பால் வெறும் வெளி. அம்மாவுக்கு உயரம் பயமென்றால் அந்த நடைபாதையில் நடந்தே வரட்டும், படகும் அவர் நடைக்குத்தான் வரும்.

ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக் காலம். வார நாளாகப் பார்த்து இப்போதே பதிவு செய்துவிடுங்கள். படகில் கழிவறை உண்டா என்றும் கேளுங்கள், எல்லாவற்றிலும் இருக்காது.