சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பியவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள தோழருக்கு,

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் நான்கு வருடமாக மாலைப் படிப்பகம் நடத்துகிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கான டியூஷனில் தொடங்கியது. பிறகு 17 முதல் 24 வயது வரையுள்ள 14 பேரை ஒரு குழுவாகச் சேர்த்தோம். வருடத்துக்கு இரண்டு முகாம் போட்டோம். வக்கீல்களும் பேராசிரியர்களும் சென்னையிலிருந்து வந்து அம்பேத்கர், பெரியார், அரசியல் சட்டம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எல்லாம் வகுப்பெடுத்தார்கள். பிள்ளைகள் மேடையில் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

இன்று மிச்சம் ஐந்து பேர். நால்வர் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பெண்களை வீட்டில் அனுப்புவதில்லை. போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் இருவர், தங்கள் மேல் வழக்கு வந்துவிடும் என்று பயந்து ஒதுங்கிவிட்டார்கள். எல்லோரையும்விட நன்றாகப் பேசிய தம்பி ஒரு கட்சியில் சேர்ந்து பொறுப்பும் வாங்கிவிட்டார்.

சென்ற மாதம் எங்கள் தெருப் பையனை டீக்கடை வாசலில் சாதி பேரைச் சொல்லித் திட்டி அடித்தார்கள். குழுவிலிருந்து மூன்று பேர் புகார் கொடுக்கப் போனார்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்து "வேலை முடிந்தது" என்றார்கள். மூவரும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி இரண்டு முறை வகுப்பு கேட்டவர்கள். மிச்சமிருப்பவர்களில் ஒரு பெண் வருகைப் பதிவும் வரவு செலவும் எழுதுவார், கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார். தலைமைப் பண்பைப் பயிற்சியால் உண்டாக்க முடியுமா? இல்லை, பிறவியிலேயே வருவதா?

ப., விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள ப.,

அந்த ரசீதை முதலில் பார்ப்போம், அதில்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் அது வழக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று சொல்கிறது. அந்தச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 5-ஆம் விதிப்படி, வாயால் சொன்ன புகாரையும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகத் தரவேண்டும். நிலையத்தில் மறுத்தால் அதே புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். இந்த வாரமே அனுப்புங்கள், தபால் ரசீதைக் கோப்பில் வையுங்கள். எஃப்.ஐ.ஆர். விழுந்ததும் விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவரா என்று பாருங்கள், அது 7-ஆம் விதி. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது.

இதெல்லாம் உங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் ரசீதோடு திரும்பியதற்குக் காரணம், அவர்கள் சட்டத்தைக் கேட்டிருக்கிறார்களே தவிர நிலையத்தில் நின்று பழகவில்லை. நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்பார். "ஊருக்குள்ள சமாதானமாப் போங்கப்பா" என்பார். "உங்க பையன் மேலயும் ஒரு புகார் வந்திருக்கு, ரெண்டையும் சேர்த்துப் போடட்டுமா?" என்பார். இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிரிவு எண் வாயில் வராது.

இதற்கு மருந்து ஒத்திகை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஜேம்ஸ் லாசன் என்ற போதகர் கறுப்பின மாணவர்களைப் பழக்கிய விதத்தை நம் குழுக்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். அதற்கு முன் மூன்று வருடம் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்து, சத்தியாகிரகத்தைக் கற்றுக்கொண்டு போனவர் அவர். கறுப்பர்களுக்குப் பரிமாற மறுக்கும் உணவகம்போல நாற்காலிகளை வரிசையாகப் போடுவார்கள். சிலர் வாடிக்கையாளர்களாக உட்காருவார்கள். மற்றவர்கள் இனவெறியர்களாக நடித்து அவர்களைத் திட்டுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துக் கீழே தள்ளுவார்கள். 1959 கடைசியில் இரண்டு கடைகளுக்குப் போய், "கிடையாது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு அமைதியாகத் திரும்பி வந்தார்கள். உண்மையான போராட்டம் 1960 பிப்ரவரி 13-இல்தான் தொடங்கியது. 27-ஆம் தேதி போலீஸ் கைது செய்யக் கைது செய்ய, காலியான இருக்கையில் அடுத்த அணி வந்து உட்கார்ந்தது. மே 10-இல் ஆறு கடைகள் வழிக்கு வந்தன. பின்னாளில் நாடாளுமன்றத்துக்குப் போன ஜான் லூயிஸ் அந்தப் பயிற்சியில் உட்கார்ந்தபோது அவருக்கு 19 வயது.

உங்கள் படிப்பகத்தில் இதைச் செய்ய ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போதும். ஒருவர் புகார்தாரர், ஒருவர் துணைக்குப் போனவர், ஒருவர் ரைட்டர், ஒருவர் சமாதானம் பேச வந்த ஊர்ப் பெரியவர். மீதிப் பேர் கையில் நோட்டோடு பார்க்கவேண்டும். ஒரு சுற்று பத்து நிமிடம், பிறகு வேடத்தை மாற்றுங்கள். ரைட்டராக நடிப்பவர்தான் அதிகம் கற்றுக்கொள்வார், எந்தச் சொல்லுக்கு எதிராளி தளர்கிறார் என்பது அவருக்கு உள்ளிருந்து தெரிந்துவிடும். இரண்டு மணி நேர வகுப்பில் சட்டத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். ஒரு மணி நேரம் ஒத்திகை. மீதி நேரம் நோட்டில் எழுதியதைப் படித்துப் பேசுவதற்கு.

அந்த ஒத்திகையில் புகாரை உண்மையிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதுதான் ஓட்டை தெரியும். கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சொல்லைத் தன் கையால் எழுதக் கூசுகிறது, அது இயல்பு. ஆனால் சாதி பேரைச் சொல்லித் திட்டியது 3(1)(எஸ்) பிரிவில் குற்றமாக நிற்க, சொன்ன சொல் அப்படியே வேண்டும், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சொன்னார் என்பதும் வேண்டும். டீக்கடை வாசல், நேரம், அப்போது அங்கே நின்றவர்கள் பெயர், அடிபட்டவர் சாதி, அடித்தவர் சாதி, அடித்தவருக்கு இவர் சாதி முன்பே தெரியும் என்பது எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடவேண்டும். அந்தக் கூச்சமான சொல்லை எழுதும்போது பக்கத்தில் ஒரு மூத்தவர் உட்கார்ந்திருப்பது நல்லது. எழுதி முடித்ததும் எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். பயிற்சியில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் பிள்ளைகள் உடைந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தலைமை பிறவியில் வருவதா என்று கேட்டீர்கள். ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தன் கையில் வைத்திருந்த அனுபவத்தில்தான் அது வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் முகாம்கள் பேச்சாளர்களை உருவாக்கியிருக்கின்றன, அது நடந்துமிருக்கிறது. இனி ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலையின் கோப்பைக் கொடுங்கள்.

முதல் கோப்பு சின்னதாக, தோற்றாலும் ஊர் பற்றி எரியாததாக இருக்கட்டும். எரியாத தெருவிளக்கு, வராத குடிநீர், சுடுகாட்டுப் பாதை. முதலில் மனுவும் ஒப்புகையும். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம். இங்கேயும் வழக்கமான தவறு ஒன்று உண்டு, "ஏன் விளக்குப் போடவில்லை?" என்று கேட்பார்கள். காரணம் கேட்டால் "தகவல் இல்லை" என்று முடித்துவிடலாம். ஆவணம் கேட்கவேண்டும்: இந்தத் தெருவுக்கான மதிப்பீட்டின் நகல், செலவுச் சீட்டின் நகல், என் மனுமேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டாவது தேதியைத்தான் கோட்டைவிடுகிறார்கள். ஆகவே கோப்பின் முதல் பக்கத்தில் தேதிகள் மட்டும்: அனுப்பியது, கிடைத்தது, கெடு, அடுத்த கெடு.

அந்த நகல்களை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள். இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். காலனியிலிருந்து நாற்பது பேர் போய் உட்கார்ந்தால் அதற்கு என்ன எடை என்று இந்தக் கணக்கே சொல்லும். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கவேண்டும், தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை ஒருவர் அங்கிருந்து நகரக்கூடாது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்பது பழைய வித்தை.

ஒரு கோப்பை இருவர் பார்க்கட்டும், மூன்றாவது ஆள் படித்துத் தெரிந்துவைத்திருக்கட்டும். ஒருவர் ஒரகடத்துக்குப் போனாலும் வேலை நிற்காது. முதல் மேல்முறையீடு போட்டு முடித்தவர்தான் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பை எடுக்கவேண்டும், சென்னையிலிருந்து ஆள் வரவேண்டாம்.

ஆதரவு என்று வரும்போது முதலில் வழக்கு. போலீஸ் தேர்வுக்குப் படிப்பவர்களின் பயம் நியாயமானது, அதைக் கோழைத்தனம் என்று யாரையும் சொல்லவிடாதீர்கள். சாலை மறியலில் கைது செய்து, கல்யாண மண்டபத்தில் வைத்து, மாலையில் விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். பல நேரம் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கும், வருடக்கணக்கில் அது அப்படியே கிடக்கும், வேலைக்கான காவல் சரிபார்ப்பில் எழுந்து வரும். ஆகவே ஒவ்வொரு போராட்டத்துக்கு முன்பும் உட்கார்ந்து பெயர் பிரியுங்கள்: கைதாகக் கூடியவர் யார், கூடாதவர் யார். 18 வயது ஆகாதவர், அரசு வேலைக்கு எழுதுகிறவர், கைக்குழந்தைக்காரர் இரண்டாவது பட்டியலில். அவர்களுக்கும் முழு வேலை இருக்கிறது: வக்கீலுக்குப் போன் செய்வது, கைதானவர் பெயர்ப் பட்டியல் வைப்பது, வீடுகளுக்குத் தகவல் சொல்வது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துகிறார்களா என்று மணி பார்ப்பது. கைது நடந்தால் மறுநாளே எஃப்.ஐ.ஆர். எண்ணைத் தேடி எழுதிவைத்து, அந்த வழக்கை முடிக்கும்வரை ஒரு கோப்பாக நடத்துங்கள். ஒதுங்கிப்போன இருவரையும் இந்த ஏற்பாட்டைச் சொல்லித் திரும்பக் கூப்பிடலாம்.

அடுத்தது பணம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கறுப்பின உரிமைக்காக நின்ற மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் களப்பணியாளர்களுக்கு வாரம் 10 டாலர் கொடுத்தார்கள், பிடித்தம் போகக் கையில் வந்தது 9.64. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், முழுநேர ஊழியர்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியையே கொடுக்கிறது. அதை நிறுவியவர்களில் ஒருவரான அருணா ராய்க்கும் அதே கூலிதான். தொகை சின்னது, ஆனால் தொடர்ந்து வந்தது. உங்களால் சம்பளம் முடியாமலிருக்கலாம். பஸ் கட்டணம், ஜெராக்ஸ், சாப்பாடு, அன்றைக்கு இழந்த கூலி இந்த நான்கையும் அன்று மாலையே கையில் கொடுத்துவிடுங்கள். முகாமுக்கு ஆகும் பந்தல், மைக், ஃபிளெக்ஸ் செலவைக் குறைத்தால் இது வரும். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படியும் பராமரிப்புச் செலவும் அதே 1995 விதிகளில் 11-ஆம் விதியில் உண்டு, கேட்டு வாங்கப் பழக்குங்கள்.

பெண்களை வீட்டில் அனுப்பாததற்கு நேரமும் ஒரு காரணமாக இருக்கும். கூட்டத்தைக் கடைசி பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் முன்பு முடியுங்கள், ஞாயிறு காலைக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. அவர்கள் செல் நம்பரைப் போஸ்டரிலும் பெரிய குழுக்களிலும் போடாதீர்கள். குழுவுக்குள் ஒருவர் தவறாக நடந்தால் யாரிடம் சொல்வது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அது வெளியில் உள்ள ஒரு பெண்மணியாக இருக்கட்டும். அம்மாக்களை ஒருமுறை படிப்பகத்துக்கு அழைத்து, பிள்ளைகளின் கோப்புகளைக் காட்டுங்கள். டீ போடுவதும் வரவேற்புரையும் பெண்கள் தலையில் விழுந்தால், சுழற்சி முறைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்.

கட்சிக்குப் போன தம்பியைத் துரோகி ஆக்காதீர்கள். அவர் கையில் பேச்சைத் தவிர நீங்கள் எதையும் கொடுக்கவில்லை, பேச்சுக்கு எங்கே இடம் இருந்ததோ அங்கே போனார். எல்லா முடிவும் மூத்தவர்களிடமே இருந்திருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கும். மேலே சொன்ன அமெரிக்க மாணவர் குழுவைத் தொடங்க 1960 ஏப்ரலில் மாணவர்கள் வட கரோலினாவின் ராலே நகரில் கூடியபோது, அவர்கள் எந்தப் பெரிய அமைப்புக்கும் இளைஞர் பிரிவாகிவிடாமல் தனியாக நிற்கவேண்டும் என்று சொன்னவர் எலா பேக்கர் என்ற மூத்த கறுப்பினப் பெண் போராளி. அவருக்கு அப்போது 56 வயது. பணப்பெட்டிச் சாவியும், கூட்டத் தேதி குறிக்கும் உரிமையும் இன்று யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டையும் ஐந்து பேரிடம் ஒப்படைத்துவிட்டு, நீங்கள் கேட்டால் மட்டும் சொல்கிறவராக இருங்கள்.

கடைசியாக, கணக்கு எழுதும் அந்தப் பெண். 1957 ஜனவரியில் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவும் வாக்காளர் பதிவும் கற்றுத்தர ஒரு பள்ளி தொடங்கினார்கள். முதல் வகுப்பில் உங்கள் குழுவைப்போலவே 14 பேர். ஆசிரியர் வேலைக்குப் படித்த யாரையும் போடாமல், பெர்னிஸ் ராபின்சன் என்ற சிகை அலங்காரக்காரரை, தையல் தெரிந்தவரை, வற்புறுத்தி உட்கார வைத்தார் அந்தப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான செப்டிமா கிளார்க். வந்தவர்களைத் தனக்குக் கீழாக நினைக்கமாட்டார் என்பதுதான் காரணம். என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர்களையே கேட்டு, கையெழுத்திலிருந்தும் மணியார்டர் படிவத்திலிருந்தும் ராபின்சன் பாடத்தைத் தொடங்கினார். அந்தப் பள்ளியைப் பார்த்து அமெரிக்காவின் தென் மாநிலங்கள் முழுக்கப் பள்ளிகள் வந்தன.

எஸ்.பி.க்கு அனுப்பும் அந்தப் புகாரைக் கணக்கு எழுதும் பெண்ணும், அடிபட்ட பையனும் சேர்ந்து எழுதட்டும். அதற்குமுன் இரண்டு மாலை ஒத்திகை பாருங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் நீங்களும் கூடப் போங்கள், ஆனால் பேசுவது அவர்களாக இருக்கட்டும். என்ன நடந்தது என்பதை அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.