மறு: சென்னை கோட்டூர்புரத்தில் 30 வருடப் பழைய ஃப்ளாட், தரைத்தளம் – வாங்கலாமா?

தெருவின் மர நிழலைப் பார்த்ததும் மனம் மயங்கிவிட்டது, ஆனால் தரைத்தளம் என்பதால் தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயக்கம் நியாயம்தான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்தபோது, அடையாற்றின் கரையில் இருக்கும் கோட்டூர்புரம் என்ன பாடுபட்டது என்பது ஊருக்கே தெரியும். "இந்தத் தெருவில் தண்ணீரே வராது" என்று தரகர் சொன்னதை விட்டுத்தள்ளுங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரையும் பக்கத்து வீட்டு வாட்ச்மேனையும் கேளுங்கள், தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

அப்புறம், 900 சதுர அடி வீட்டுக்கு யுடிஎஸ் (மனையில் உங்களுக்குச் சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு) 450 என்கிறீர்கள். பழைய கட்டடத்தில் நீங்கள் உண்மையில் வாங்குவது இந்த நிலப் பங்கைத்தான். ஆகவே, எல்லா வீட்டுக்காரர்களின் பங்கையும் கூட்டினால் மனையின் மொத்த அளவு வருகிறதா என்று பத்திரங்களை வைத்துப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம். அதனால் அந்தப் பேச்சு ஏற்கனவே நடக்கிறதா என்று சங்கச் செயலாளரிடம் விசாரியுங்கள். நடக்கிறது என்றால் உள் அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் கொட்ட வேண்டாம்.

சொத்தின் மேல் பதிவான பழைய விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போடுங்கள். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தைத் தனியே எடுத்து வையுங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு.

நானாக இருந்தால், அதே தெருவில் முதல் மாடி கிடைக்கும்வரை வாடகைக்கு இருந்து ஒரு மழைக்காலத்தைப் பார்ப்பேன்.