வீட்டில் செய்யும் சால்டர் பேஸ்ட் ஸ்டென்சில்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சர்க்யூட் போர்டில் சால்டர் பேஸ்ட் (உருக்கி ஒட்டும் உலோகப் பசை) பூச உதவும் துளைத்தகடான ஸ்டென்சிலைக் குளிர்பானக் கேனை வெட்டிச் செய்யலாமா, பித்தளைத் தகடுதான் வேண்டுமா?

பதில்: கேனின் பக்கச்சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் கொண்டது, அளவில் குறையில்லை. ஆனால் துளைகளை அரித்தெடுக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் அலுமினியம் நுரைத்துச் சூடேறி, அரிக்கக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டிய டோனரையே (லேசர் பிரிண்டரின் மைப்பொடி) உரித்துவிடக்கூடும். பித்தளை நிதானமாகக் கரையும் என்பதால், முதன்முறை செய்பவருக்கு 0.1 மி.மீ. பித்தளைத் தகட்டையே சொல்வேன்.

கேள்வி: டோனர் அச்சை இடவலம் மாற்றி எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பேட்கள் (போர்டில் உறுப்புகளின் கால்களைப் பற்றவைக்கும் இடங்கள்) வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் பேஸ்ட் லேயரை, அதாவது பேஸ்ட் பூசும் இடங்களைக் காட்டும் படத்தை, அச்சிட்டுத் தகட்டில் தேய்த்து ஒட்டுங்கள். பின்புறத்தை டேப்பால் மூடிவிடுங்கள். கரைசல் நுழையும் பக்கத்தில் துளை அகன்றும் மறுபக்கத்தில் குறுகியும் அமையும். அகன்ற வாய் போர்டைப் பார்த்து இருந்தால்தான், தகட்டைத் தூக்கும்போது பேஸ்ட் துளைச்சுவரில் ஒட்டாமல் கழன்று இறங்கும். டோனர் ஒட்டிய முகத்தைக் கீழே கவிழ்க்கும்போது படம் தானாகவே நேராகிவிடும்.

கேள்வி: 0.5 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த கால்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள ஐசிக்குப் பக்கத்துப் பக்கத்துத் துளைகள் ஒன்றாகிவிடுகின்றன. தகடு மெலிதாக இருக்க வேண்டுமா?

பதில்: தடிமன் சரியே. துளையின் பரப்பை அதன் சுவர்ப் பரப்பால் வகுத்தால் 0.66க்குக் குறையக் கூடாது என்பது தொழிலில் உள்ள கணக்கு, 0.25 × 0.6 மி.மீ. துளைக்கு 0.1 மி.மீ. தகட்டில் 0.88 கிடைக்கிறது, 0.15 மி.மீ. தகட்டிலோ 0.59தான். உங்கள் சிக்கல் வேறு: கரைசல் கீழே இறங்கும்போதே டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் அரிக்கிறது. 0.25 என வரைந்த துளை 0.4 ஆக விரிந்தால் இடையில் 0.1 மி.மீ. இழைதான் மிஞ்சும், அதுவும் துடைக்கும்போது அறுந்துவிடும். ஒரு துண்டுத் தகட்டில், துளைகளை விளிம்புக்கு 0.03, 0.05, 0.08 மி.மீ. எனச் சுருக்கி வரைந்து அரித்து, லென்ஸில் பார்த்து, எது சரியாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் தவறினால், ஐசியின் ஒரு வரிசைக் கால்கள் முழுவதற்கும் ஒரே மெல்லிய நீள்துளை போதும். சால்டர் மாஸ்க் (பேட்கள் தவிர மற்ற இடத்தில் சால்டர் ஒட்டாமல் காக்கும் பூச்சு) உள்ள போர்டில் உருகிய சால்டர் பேட்களுக்கே இழுபட்டுப் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

கேள்வி: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பேஸ்டை உடனே பூசலாமா?

பதில்: கூடாது. அறைவெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். ஈரம் படிந்தால் சூடாக்கும்போது தெறிக்கும்.

கேள்வி: மீந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாமா?

பதில்: அதில் கரைந்துள்ள செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, பொங்கும் என்பதால் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவி, அடியில் படியும் சேற்றை வடித்து அபாயக் கழிவாகச் சேர்ப்பியுங்கள். எவர்சில்வர் பாத்திரம் எதையும் அருகில் வைக்காதீர்கள், அதையும் அரித்துவிடும்.