டெக்சாஸ் பள்ளிப் புத்தகத்தில் தவறு: எங்கே, எப்படிச் சொல்வது?

கேள்வி: மகள் டெக்சாஸில் பப்ளிக் ஸ்கூலில் 4-ஆம் வகுப்பு படிக்கிறாள். வாசிப்புப் பாடத்துக்குப் புதிய புத்தகம் வந்திருக்கிறது. ஓரிடத்தில் தகவல் தவறு. மதம் சார்ந்த சில பாடங்கள் எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. ஆசிரியரோ "ஸ்டேட் அப்ரூவ் பண்ணினது" என்கிறார். யாரிடம் முறையிடுவது?

பதில்: ஆசிரியர் சொன்னதில் பாதிதான் சரி. தமிழ்நாட்டுப் பாடநூல் போல அரசு அனுப்பும் ஒரே புத்தகம் எல்லா வகுப்புக்கும் வந்து சேரும் ஏற்பாடு அங்கே இல்லை. மாநிலம் பட்டியல் தருகிறது. எதை வாங்குவது என்று முடிவு செய்வது உங்கள் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் போர்டு. பட்டியலுக்கு வெளியிலும் அது வாங்கலாம்.

பட்டியலைத் தீர்மானிப்பது, தேர்தலில் வென்று வரும் 15 பேர் கொண்ட மாநிலக் கல்வி வாரியம். 2023-இல் வந்த 1605-ஆம் மசோதாவுக்குப் பிறகு இந்த ஆய்வுக்கு 'இம்ரா' என்று பெயர். ஒரு குழு கற்பித்தல் தரத்தையும், 'டீக்ஸ்' எனப்படும் மாநிலப் பாடத்தர வரையறைகளோடு புத்தகம் பொருந்துகிறதா என்பதையும் பார்க்கும். வேறொரு குழு வயதுக்கும் சட்டத்துக்கும் ஏற்றதா என்று பார்க்கும். பொதுமக்கள் கருத்தும் பெறப்படும். கடைசியில் வாரியம் ஏற்கலாம், நிராகரிக்கலாம், முடிவெடுக்காமலும் விடலாம். பைபிள் கதைகள் இடம்பெற்றதால் சர்ச்சைக்குள்ளான, மாநிலமே தயாரித்த 'புளூபானெட்' பாடங்கள் 2024 நவம்பரில் 8-க்கு 7 என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில்தான் நிறைவேறின. அவற்றை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்த டிஸ்ட்ரிக்ட்டுக்கும் கட்டாயமில்லை. ஆனால் பட்டியலில் உள்ளதை வாங்கினால் ஒரு மாணவருக்கு 40 டாலர் வீதம் டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கிடைக்கும். மாநிலத்துக்குச் சொந்தமான பாடம் என்றால் அச்சுச் செலவுக்கு மேலும் 20 டாலர். பட்ஜெட் இறுகிய இடங்களில் இந்தப் பணம்தான் முடிவை இழுக்கிறது.

இத்தனை பேர் பார்த்தும் தவறு எப்படித் தப்புகிறது? 2015-இல் ஹூஸ்டன் அருகே பேர்லண்டில் ஒரு மாணவன் தன் புவியியல் புத்தகத்தில் கண்டது நல்ல உதாரணம். அட்லாண்டிக் அடிமை வணிகம் பற்றிய ஒரு வரைபடக் குறிப்பில், ஆப்பிரிக்காவிலிருந்து மில்லியன்கணக்கான 'தொழிலாளர்கள்' கொண்டுவரப்பட்டதாக இருந்தது. அடிமைகள் என்று இல்லை. தலைப்பு வரையறைக்குப் பொருந்தியது, ஆகவே ஆய்வுப் படிவத்தின் கட்டத்தில் டிக் விழுந்திருக்கும். ஒற்றைச் சொல் யார் கண்ணிலும் படவில்லை. அந்த மாணவனும் அவன் தாயும்தான் பிடித்தார்கள். பதிப்பகம் டிஜிட்டல் பிரதியைத் திருத்தி, அச்சுப் பிரதிக்கு ஸ்டிக்கர் தர முன்வந்தது. உங்கள் கண்ணை மட்டமாக நினைக்காதீர்கள்.

இனி உங்கள் விஷயம். இரண்டு குறைகளையும் ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம். கலந்தால் உறுதியான தகவல் பிழையும் "பெற்றோரின் அபிப்பிராயம்" என்று ஒதுக்கப்படும்.

தகவல் பிழையைப் பதிப்பகத்துக்கும், மாநிலக் கல்வித் துறைக்கும், டிஸ்ட்ரிக்ட்டின் பாடத்திட்டப் பிரிவுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். புத்தகம், வகுப்பு, யூனிட், பாடம், பக்கம், மாணவர் பிரதியா ஆசிரியர் பிரதியா என்பதைக் குறியுங்கள். பிழையான வரியை அப்படியே எழுதி, ஏன் தவறு என்பதற்குச் சான்றும், எப்படி மாற்ற வேண்டும் என்பதற்கு வாக்கியமும் கொடுங்கள். அனுப்பும் முன் ஆன்லைன் பிரதியைப் பாருங்கள். சிலசமயம் அதில் ஏற்கெனவே திருத்தியிருப்பார்கள். பாடப்பொருள்களைப் பார்வையிடும் உரிமை டெக்சாஸ் கல்விச் சட்டத்தின் 26-ஆம் அத்தியாயத்திலேயே உங்களுக்கு இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

மதப் பாடத்துக்கு அதே அத்தியாயத்தில் உடனடி வழி உண்டு. உங்கள் மத அல்லது ஒழுக்க நம்பிக்கைக்கு முரணான பாடவேளையிலிருந்து மகளைத் தற்காலிகமாக விலக்கக் கோரி, ஆசிரியரிடம் எழுத்தில் கொடுக்கலாம். தேர்வைத் தவிர்க்கவோ ஒரு செமஸ்டர் முழுக்க விலகவோ இது உதவாது.

பள்ளி மாணவர்களில் 25 சதவீதத்தினரின் பெற்றோர் மனு கொடுத்தால் போர்டு ஆய்வு நடத்தியே ஆக வேண்டும் என்ற விதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. விதி உண்மைதான். ஆனால் அந்த ஆய்வு அளப்பது, வகுப்பில் நடத்துவது அந்த வகுப்பின் தரத்துக்கு இருக்கிறதா, டிஸ்ட்ரிக்ட் ஏற்ற பாடத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான். உங்கள் குறை இரண்டும் அதில் அடங்காது. கையெழுத்துக்கு அலைய வேண்டாம்.

புத்தகத்தையே மாற்ற வேண்டும் என்பது நோக்கமானால், போர்டு அடுத்த ஆர்டரைத் தீர்மானிக்கும் முன் பொதுக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுங்கள். சில நிமிடங்களே கிடைக்கும். பக்க எண்ணோடு இரண்டு வரிகளை வாசித்துக் காட்டினாலே போதும்.